அகலத் துணி

செப்டம்பர் 2, திங்கள்

வண்டி இன்று வழியில் நிற்கவில்லை. அதுவே பெரிய செய்தி. காலை ட்ரிப்பில் மலை உச்சி மெட்டுக்கு எழுபது பேர், முக்கால்வாசி ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். தூக்குவாளியால் என் முட்டியில் இடித்துவிட்டு, "தள்ளி நில்லுங்க கண்டக்டரே, வண்டி உங்களுக்கு மட்டுமா?" என்று என்னையே அதட்டுகிறார்கள். ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருடம். அதற்குள் முட்டி ரிட்டயர் ஆகிவிடும்.

வீட்டில் இந்திராணி காலையிலேயே கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னாள். மறந்துவிட்டேன். இரவு ரசமும் அப்பளமும்தான். அப்பளத்தைத் தட்டில் போட்ட சத்தத்திலேயே எல்லாம் புரிந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒரு பயணியின் கையில் பலத்த காயம். பெண். உயிரோடு இருக்கிறாள். சட்டையை இந்திராணி உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறாள். இன்று வேறு எதுவும் எழுத முடியாது.

செப்டம்பர் 4, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மாலை நாலே கால் வண்டி, மெட்டிலிருந்து இறக்கம். டிரைவர் சுருளிவேல். ஒன்பதாம் வளைவில் ஒரு மினி லாரி கூரைத் தகரம் ஏற்றிக்கொண்டு எதிரே ஏறி வந்தது. கட்டு நெகிழ்ந்து ஒரு தகரம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்ததைச் சுருளியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வலது பக்கம் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் கையை வெளியே வைத்திருந்தாள். கையை நீட்டாதீர் என்று அந்த ஜன்னலுக்கு மேலேதான் எழுதியிருக்கிறது. பாதி எழுத்து அழிந்துபோனது வேறு விஷயம்.

சத்தம் கேட்டுத் திரும்பினேன். முழங்கைக்குச் சற்று மேலே வெளிப்பக்கம் பிளந்துகிடந்தது. ரத்தம் வழியவில்லை, பீய்ச்சியது. விட்டு விட்டு அடித்து முன் சீட்டு முதுகெல்லாம் சிவப்பு. என் துண்டை மடித்து காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் துண்டு நனைந்து என் விரலிடுக்கில் சொட்டியது. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து மலை ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்தப் பெண் வெளுத்துக்கொண்டே வந்தாள்.

பிறகு காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். சுருளியிடம் ஸ்பேனர் வாங்கி, கட்டுக்குள் செருகி முறுக்கினேன். மூன்றாவது முறுக்கில் ரத்தம் நின்றது. "நிறுத்தாம ஓட்டுப்பா" என்றேன். சுருளி எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. ஒன்பதாம் வளைவிலிருந்து டவுனுக்கு முப்பத்தெட்டு நிமிட ஓட்டம். நேற்று முப்பத்தொன்று. ஒரு பயணிகூட என் ஸ்டாப் போச்சே என்று முனகவில்லை.

வழி நெடுக அவள், "கடுக்குதுண்ணே, கொஞ்சம் அவுத்து விடுங்கண்ணே" என்று கெஞ்சினாள். பின் சீட்டுக்காரர் ஒருவரும், "இப்பிடியே வச்சிருந்தா கை செத்துரும்ப்பா, அப்பப்ப அவுத்து விடணும்" என்றார். நான் அவிழ்க்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்த பிடி விடவில்லை. இன்று காலை வரை என் உள்ளங்கையில் அந்தத் தடம் இருந்தது.

பெயர் வீருசின்னம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். டவுன் ஆஸ்பத்திரியில் கட்டை அறுத்துவிட்டு வேறு கட்டுப் போட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ராத்திரியே ரத்தக்குழாயை ஒட்டி உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று அவள் வீட்டுக்காரர் போனில் சொன்னார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

கிளை அலுவலகத்தில் வாக்குமூலம். எழுத்தர் ஜெபராஜ்தான் எழுதிக் கொடுத்தார். "அண்ணே, கட்டினேன்னு மொட்டையா எழுதக் கூடாது. முதலுதவிப் புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கோ அப்படி எழுதணும். நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்தா உங்களத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க." நல்ல மனிதர், என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். 'அகலமான துணியைக் கொண்டு முறைப்படி இறுகக் கட்டி' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வரும் வழியில் விசிலுக்குப் புதுக் கயிறு வாங்கினேன். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. பேப்பரில் நான். 'முதலுதவிப் பயிற்சி கைகொடுத்தது, பெண்ணின் உயிர் காத்த கண்டக்டர் தெய்வேந்திரன்.' பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோ, அதில் முடி இருக்கிறது. மச்சினன் மூன்று முறை போன் செய்துவிட்டான். தெருவில் நாலு வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தது. எதுவும் இறங்கவில்லை. இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்திராணியிடம் சொன்னேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

இந்த வாரத்திலிருந்து எனக்குச் செவ்வாய் லீவு. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வீருசின்னம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தோள் முதல் மணிக்கட்டு வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழப் போனாள்.

"உக்காரும்மா. எப்படி இருக்கு?"

"உசுரு இருக்குண்ணே. கைதான் சொன்ன பேச்சுக் கேக்கல."

காட்டினாள். மணிக்கட்டு முறிந்த கிளையைப் போல மடங்கித் தொங்கியது. தூக்கு என்று சொல்லி அவளே அதைப் பார்க்கிறாள். விரல் ஒன்றும் விரியவில்லை. ஏலக்காய் எடுப்பில் அவள்தான் தோட்டத்திலேயே முதல் ஆளாம். செடியின் தூரோடு கிடக்கும் சரத்தில் பக்கத்துப் பிஞ்சு நசுங்காமல் விளைந்த காயை மட்டும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். "கண்ண மூடிக்கிட்டு எடுப்பேண்ணே. விரலே சொல்லும், எது விளஞ்சது எது பிஞ்சுன்னு. இப்ப இந்தச் சனியன் வாயே தொறக்க மாட்டேங்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மகள் பத்தாவது படிக்கிறாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க இல்லன்னா எங்கம்மா இல்ல மாமா" என்று அந்தப் பெண் என் காலைத் தொட வந்தது. பின்னால் நகர்ந்து ஸ்டூலில் இடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

ஸ்பேனரைச் சுருளியிடம் திருப்பிக் கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

செவ்வாய்தோறும் நரம்பு டாக்டர் பார்க்கிறார். நஸ்ரின் என்று பெயர், சின்ன வயசு, பேச்சில் வளவளப்பு கிடையாது. என்னைப் பார்த்ததும், "கட்டுனது நீங்கதானா? நல்லதாப் போச்சு, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்" என்றார்.

மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு மேல்கையில் எலும்பை ஒட்டி ஓடுகிறதாம். அது தகரத்தில் அறுந்திருந்தால் திறந்து பார்த்து, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. செய்தாலும் பழைய கை வருமா என்று உறுதி கிடையாது. கட்டின இறுக்கத்தில் நசுங்கிப்போனதாக இருந்தால் கத்தி வைக்கக் கூடாது, காத்திருந்தால் பெரும்பாலும் தானே திரும்பி வரும். வெட்டுக் காயமும் கட்டின இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எது என்று சொல்ல முடியவில்லை.

"எதால கட்டினீங்க?"

"துணிங்க டாக்டர். அகலத் துணி."

"அகலத் துணின்னா அரை மணி, முக்கா மணிக்கெல்லாம் நரம்பு இவ்வளவு நசுங்காது. அப்ப வெட்டுலதான் போயிருக்கணும். இருபத்தேழாம் தேதி திறந்து பாத்துருவோம்."

வாக்குமூலத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். எழுத்தில் ஒன்று வாயில் ஒன்று என்று இருக்க முடியுமா.

செப்டம்பர் 18, புதன்

கிளை மேலாளர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். முப்பதாம் தேதி பாராட்டு விழா. சால்வை, நற்சான்றிதழ், புது கண்டக்டர்களுக்கு நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். முதலுதவிச் சான்றிதழின் நகல் ஒன்று கொண்டு வரச் சொன்னார்.

பீரோவில் தேடி எடுத்தேன். கண்டக்டர் லைசென்ஸுக்கு அது கட்டாயம் என்பதால் இருபத்தெட்டு வருடம் முன்பு வாங்கியது. மாடி ஹாலில் மூன்று நாள் வகுப்பு. காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பின் படி வழியாக இறங்கினால் எதிரிலேயே தியேட்டர். மூன்று நாளும் மூன்று மேட்னி. நான் மட்டுமா, எங்கள் செட்டில் பாதிப் பேர் அப்படித்தான். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

டிரிப் நடுவில் டீசல் டியூப் ஒழுகியது. சுருளி வண்டியை ஓரம் கட்டி, கட்டுக்கம்பியைச் சுற்றி ஸ்பேனர் செருகி முறுக்கினான். மூன்று முறுக்கில் நின்றது. பேருந்தின் முன்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கற்றது இங்கேதான். வகுப்பிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. ஒழுகல் நிற்க வேண்டும் என்றால் மெல்லிசாகக் கிடைப்பதைச் சுற்றி, நிற்கும் வரை முறுக்க வேண்டும். டியூபுக்கு நரம்பு கிடையாது என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் சுருளி.

வெயில் என்றேன். மலையில் தூறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சாப்பிட உட்கார்ந்தேன். இந்திராணி எதிரில் அமர்ந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். என் பழைய விசில் கயிறு. அறுபட்ட நைலான் கயிறு, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் தரையில் விழுந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன், எனக்கே நினைவில்லை.

"அன்னைக்கே சட்டைய ஊற வைக்கும்போது பாத்தேன். துண்டாலதான் கட்டுனீகளோன்னு நானும் பேப்பர ரெண்டு தரம் படிச்சேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன். இருபது நாளாச்சு. ஒழுங்காச் சாப்பிட்டும் இருபது நாளாச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மேட்னி வரை. சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமோ, பென்ஷனில் கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு வெள்ளிக்கெழமை கத்தி வைக்கப் போறாங்கன்னீகளே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கயிற்றை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம். இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினேன். பிறகு வீருசின்னம்மாவை உள்ளே கூப்பிட்டபோது கூடவே நுழைந்துவிட்டேன்.

"டாக்டர், நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். துண்டு காயத்து மேலதான் இருந்துச்சு. கட்டுனது இதால."

டாக்டர் கயிற்றை வாங்கினார். இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். கேள்விதான் வந்தது. எத்தனை சுற்று, இரண்டு. காயத்துக்கு எவ்வளவு மேலே, மூன்று விரல். எப்படி இறுக்கினீர்கள், ஸ்பேனர், மூன்று முறுக்கு. எவ்வளவு நேரம், வண்டியில் முப்பத்தொரு நிமிடம், ஆஸ்பத்திரியில் அறுக்கும் வரை இன்னும் பதினைந்து. நடுவில் அவிழ்த்தீர்களா, இல்லை.

கட்டைப் பிரித்தார். வீக்கம் முன்னைக்குக் குறைந்திருந்தது. தையலுக்கு மேலே மூன்று விரல் தள்ளி, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, கையைச் சுற்றி இரண்டு மெல்லிய கோடு. "இத வீக்கத்துல பட்ட காயம்னு நெனச்சேன்" என்றார்.

"ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

"பயம் டாக்டர். பயிற்சி எடுத்தவன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. நான் வகுப்புக்கே போனதில்ல."

வீருசின்னம்மா என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "என் கட்டாலதாம்மா உன் கை போச்சு. என்ன மன்னிச்சிரு" என்றேன்.

அவள் டாக்டரிடம்தான் கேட்டாள். "இவுக கட்டுனதாலன்னா என்ன டாக்டர்? கை வருமா?"

"கட்டுல நசுங்குனதுதான்னா, வர வாய்ப்பு நெறைய இருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன். மூனு மாசம் பாப்போம். அதுக்குள்ள அசையலன்னா அப்ப திறக்கலாம்."

"தகரத்துல அறுந்ததுன்னா?"

"அது கஷ்டம்மா."

"அப்ப அண்ணன் தப்பாவே இருக்கட்டும் டாக்டர்" என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. கடையில் இரண்டு புடவையில் ஒன்றை எடுத்து இது போதும் என்பது மாதிரி சொன்னாள். டாக்டர் வெள்ளிக்கிழமை ஆபரேஷனை அடித்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதினார். நான் கிளம்பும்போது, "கட்டாம விட்டிருந்தா ஒன்பதாம் வளைவுலயே முடிஞ்சிருக்கும். அதையும் மறந்துராதீங்க. அடுத்த தடவ நாலு விரல் அகலத்துக்குத் துணிய மடிச்சுக் கட்டுங்க" என்றார். அடுத்த தடவை வேண்டவே வேண்டாம் சாமி.

செப்டம்பர் 27, வெள்ளி

கயிறு முதல் மேட்னி வரை எழுதி, திருத்திய வாக்குமூலம் கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். "யோவ், சால்வை வரைக்கும் வாங்கியாச்சு. உமக்கு ஏன்யா இந்த வேல?" ஜெபராஜ் என் முகத்தில் முழிக்கவே இல்லை. எழுதியது அவர் என்றாலும் படித்துக் கையெழுத்துப் போட்டது நான்தான், பொறுப்பு என்னுடையது என்று தனியே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அவருக்குச் சிக்கல் வரக் கூடாது.

விழா ரத்து. சான்றிதழ் விஷயமாக விளக்கம் கேட்டு மெமோ. விசாரணை முடியும் வரை மெட்டு ரூட் கிடையாது, டெப்போவில் டிக்கெட் மெஷின் சார்ஜ் போடும் வேலை. மச்சினன் போன் செய்யவில்லை.

இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டிக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்று. சுருளி ஸ்பேனருக்கும் பொட்டு வைத்து என்னைப் பார்த்தான். கை நீட்டி அவன் நெற்றியிலும் ஒன்று வைத்தேன்.

வீருசின்னம்மா கையில் ஒரு மாற்றமும் இல்லை. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள். மகள்தான் தலை பின்னிவிடுகிறாள்.

அக்டோபர் 23, புதன்

விசாரணையில் ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம், மறுபடி முதலுதவிப் பயிற்சி. நேற்றும் இன்றும் வகுப்பு. சுற்றிலும் இருபத்திரண்டு வயதுப் பையன்கள், ஒருவன் என்னை வாத்தியார் என்று நினைத்து வணக்கம் வைத்தான். பின் கதவு இங்கேயும் இருந்தது. நேற்று மதியம் இரண்டு பேர் அந்தப் பக்கம் நழுவப் பார்த்தார்கள். ஒரு அதட்டுப் போட்டேன், பஸ்ஸில் போடுகிற அதே அதட்டு. உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் அழுத்து. நிற்கவில்லை என்றால் அகலத் துணி, காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டு மேல் வேண்டாம். குச்சி வைத்து ரத்தம் நிற்கும் வரை முறுக்கு. முறுக்கிய நேரத்தை எழுது. டாக்டர் கை வைக்கும் வரை நீ அவிழ்க்காதே. இவ்வளவுதான். மூன்று மேட்னியை விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

அசைவில்லை. ஒன்பது வாரம். டாக்டர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. வீருசின்னம்மா இன்று சிரிக்கவில்லை.

கோயிலுக்குப் போனேன். சாமி முன்னால் நின்று என்ன கேட்பது என்றே தெரியவில்லை. மற்றவர்கள் தங்கள் மேல் பழி வரக் கூடாது என்று வேண்டுவார்கள். நான், இது என் பழியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தகரத்தின் பழியாக இருந்துவிடக் கூடாது.

நவம்பர் 19, செவ்வாய்

அசைவில்லை. அடுத்த வாரம் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது வீருசின்னம்மாவின் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. குற்றம் சொல்ல முடியாது.

நவம்பர் 26, செவ்வாய்

பன்னிரண்டு வாரம்.

நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்திராணி சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பட்டையைக் கழற்றிவிட்டு, மேஜை விளிம்பில் கை தொங்குகிற மாதிரி வைத்தார் டாக்டர். "தூக்குங்க." ஒன்றும் இல்லை. "அவசரமில்ல, மூச்ச விட்டுட்டுத் தூக்குங்க." ஒன்றும் இல்லை. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

"இருங்க டாக்டர்" என்றாள் வீருசின்னம்மா. பல்லைக் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மணிக்கட்டு எழுந்தது. ஒரு விரல்கடை உயரம் இருக்கும். நடுங்கிக்கொண்டு நின்றது, விழுந்தது. மறுபடி எழுந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீருசின்னம்மா கையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே" என்றாள். "உங்க தப்புதாண்ணே."

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றேன். அங்கேயே நின்று அழுதேன்.